அடுத்தவரின் முறைப்பாடும் நம் பொறுப்பும்

1968 வசந்த காலத்தில், மொன்றியல் நகரின் சேர் ஜோர்ஜ் வில்லியம்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஆறு கரீபிய மாணவர்கள் நிர்வாகத்திடம் ஒரு முறைப்பாடு கொடுத்தார்கள். உயிரியல் கற்பித்த உதவிப் பேராசிரியர் பெரி அன்டர்சன் கறுப்பின மாணவர்களுக்குக் குறைத்துப் புள்ளி போடுகிறார் என்பது அதன் சாரம். எத்தனை நன்றாக எழுதினாலும் தங்கள் விடைத்தாளுக்கு ஓர் எல்லைக்கு மேல் புள்ளி ஏறுவதில்லை என்றார்கள். உயிரியலில் புள்ளி சரிந்தால் மருத்துவப் படிப்புக்கான வழி அடைபட்டுவிடும். தீவுகளில் இருந்து குடும்பத்தின் சேமிப்பைச் செலவழித்து வந்த பிள்ளைகளுக்கு அது வாழ்நாள் கணக்கு. அவர்கள் கேட்டதெல்லாம் ஒரு நேர்மையான விசாரணை.

பல்கலைக்கழகத்தின் முதல் விசாரிப்பு, முறைப்பாட்டுக்கு ஆதாரம் இல்லை என்று முடிந்தது. எப்படி விசாரித்தார்கள், யாரைக் கேட்டார்கள் என்பது முறைப்பட்டவர்களுக்கே தெளிவாகச் சொல்லப்படவில்லை. கோடை போனது, இலையுதிர்காலமும் போனது. மாணவர்களின் அழுத்தத்துக்குப் பின் ஒரு விசாரணைக் குழு அமைந்தது. அதில் யார் இருப்பது என்பதே சண்டையாயிற்று. இரு தரப்பும் ஏற்கக்கூடிய சில மனிதர்களைத் தேர்ந்து ஒரு மேசையைச் சுற்றி உட்கார வைப்பது, ஆயிரக்கணக்கான மாணவர்களுக்குப் பட்டம் வழங்கும் ஒரு நிறுவனத்துக்கு ஒன்பது மாதத்தில் முடியாத காரியமாக இருந்தது. நடந்தவற்றுக்கெல்லாம் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் துணிபு.

1969 ஜனவரி 29 அன்று மாணவர்கள் விசாரணை மண்டபத்தை விட்டு வெளியேறி, ஹென்றி ஹோல் கட்டடத்தின் ஒன்பதாம் மாடியில் இருந்த கணினி மையத்தில் போய் அமர்ந்தார்கள். சுமார் 200 பேர் சேர்ந்தார்கள். அவர்களில் வெள்ளையின மாணவர்களும் பலர் இருந்தார்கள் என்பதை இந்தக் கதையைச் சொல்பவர்கள் அடிக்கடி விட்டுவிடுகிறார்கள். ஏறத்தாழ இரண்டு வாரம் அந்த முற்றுகை அமைதியாகவே நடந்தது. பெப்ரவரி 10 அன்று உடன்பாடு கைகூடிவிட்டது போலவே தோன்றியது. அது முறிந்தது. மறுநாள் விடியுமுன் கலகமடக்கும் பொலிஸார் உள்ளே நுழைந்தார்கள். கணினிகள் நொறுங்கின. துளையிட்ட கணினி அட்டைகள் மாடியிலிருந்து பனிக்காலத் தெருவில் கொட்டிக் கிடந்தன. தீ பிடித்தது. அதை மூட்டியது யார் என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. 97 பேர் கைதானார்கள். சேதம் சுமார் 20 இலட்சம் டொலர் என்று மதிப்பிட்டார்கள். மாடியில் புகை சூழ்ந்திருந்த அந்த நேரத்தில், கீழே தெருவில் கூடி நின்றவர்களில் சிலர் கறுப்பர்களை இழிசொல்லால் குறித்து, அவர்கள் எரியட்டும் என்று கத்தினார்கள்.

ஒரு முறைப்பாடு அங்கே போய் முடிந்தது. பின்னர் விசாரணைக் குழு அன்டர்சனைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. மாணவர் தரப்பு அந்த முடிவை ஏற்கவில்லை. இரு தரப்பில் யார் சொன்னது உண்மை என்பதை இத்தனை ஆண்டு கழித்து ஒரு கட்டுரையாளர் தீர்மானித்துவிட முடியாது. ஆனால் ஒன்றைச் சொல்லலாம். நம்பத்தக்க விசாரணை நேரத்துக்கு நடந்திருந்தால் மாணவர்களுக்கு நீதி கிடைத்திருக்கும். ஆசிரியர் குற்றமற்றவராக இருந்தால் அவர் பெயரும் காப்பாற்றப்பட்டிருக்கும். இழுத்தடித்ததில் இரு தரப்பும் தோற்றது.

அந்த நெருப்பின் வெக்கை கரீபியக் கடல் வரை போனது. 1970 பெப்ரவரி 26 அன்று, மொன்றியலில் வழக்கை எதிர்கொண்டிருந்த மாணவர்களுக்கு ஆதரவாக டிரினிடாட்டின் போர்ட் ஒஃப் ஸ்பெயின் நகரில் கிளம்பிய ஊர்வலம் ரோயல் பாங்க் ஒஃப் கனடாவின் முன் நின்றது. அதிலிருந்து வளர்ந்த கறுப்பின எழுச்சி ஏப்ரலில் அந்நாட்டை அவசரகாலச் சட்டம் வரை கொண்டுபோனது. சிறைக்குப் போன மாணவர்களில் ஒருவரான ரோசி டக்ளஸ் கனடாவிலிருந்து நாடுகடத்தப்பட்டார். 2000 ஆம் ஆண்டில் அவர் டொமினிக்கா நாட்டின் பிரதமரானார். தண்டனை பெற்ற இன்னொருவரான ஆன் கூல்ஸ் 1984 இல் கனடிய செனற் சபைக்கு நியமிக்கப்பட்டார். அச்சபையில் அமர்ந்த முதல் கறுப்பினத்தவர் அவர். அன்று குற்றவாளிகள் என்று கைவிலங்கு மாட்டப்பட்டவர்களின் தரம் அது.

சேர் ஜோர்ஜ் வில்லியம்ஸ் 1974 இல் லொயோலா கல்லூரியுடன் இணைந்து கொங்கோடியா பல்கலைக்கழகம் ஆயிற்று. 2022 ஒக்டோபர் 28 அன்று, கறுப்பின எதிர்ப்பு இனவாதம் குறித்த பணிக்குழுவின் இறுதி அறிக்கை வெளியானபோது, பல்கலைக்கழகத் தலைவர் கிரஹாம் கார் 1969 நிகழ்வுகளுக்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். ஐம்பத்து மூன்று ஆண்டுகள் கழிந்திருந்தன. தாமதம் என்று குறை சொல்லலாம், அதில் நியாயமும் உண்டு. ஆனாலும் ஒரு நிறுவனம் தன் பெயரில், தன் வாயால், பிழையை ஒப்புக்கொண்டதை நான் சிறிதாக எண்ண மாட்டேன். நாங்கள் விட்டு வந்த இலங்கையில் அப்படி ஒரு வார்த்தைக்காக எத்தனை தாய்மார் இன்னும் காத்திருக்கிறார்கள்!

தமிழ் வாசகருக்கு இந்தக் கதையில் விளக்கம் தேவைப்படாத இடம் ஒன்று உண்டு. அது புள்ளி. 1971 ஆம் ஆண்டுச் சேர்க்கையில் இலங்கை அரசு கொண்டுவந்த மொழிவாரித் தரப்படுத்தலின்படி, பேராதனையில் பொறியியல் படிக்கத் தமிழ் மொழியில் பரீட்சை எழுதிய மாணவருக்கு 400 இல் 250 புள்ளி வேண்டும், சிங்கள மொழியில் எழுதியவருக்கு 227 போதும். மருத்துவத்துக்கு 250, 229. பின்னர் வந்த மாவட்ட ஒதுக்கீட்டினால் பின்தங்கிய தமிழ்ப் பகுதிகளின் பிள்ளைகள் சிலரும் பயன் பெற்றார்கள் என்பது உண்மை, அதையும் சேர்த்தே பேச வேண்டும். ஆனால் அந்த 23 புள்ளி இடைவெளியில் விழுந்த ஒரு தலைமுறையின் கசப்பு எதில் கொண்டுபோய் விட்டது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1983 இன் கறுப்பு ஜூலைக்குப் பின் அந்தத் தலைமுறையில் பலர் மொன்றியலுக்கு வந்தார்கள். கோட்-டெ-நேஜிலும் பார்க் எக்ஸ்ரென்சனிலும் ஓரறை வீடுகளில் இருந்துகொண்டு, உணவகங்களில் கோப்பை கழுவி, பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார்கள். அந்தப் பிள்ளைகளில் எத்தனையோ பேர் ஹோல் கட்டடத்தின் மின்படிகளில் ஏறி இறங்கித்தான் பட்டம் பெற்றார்கள். அந்தக் கட்டடத்தில் என்ன நடந்தது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. நாமும் சொல்லவில்லை.

புள்ளியால் கதவை மூடும் வேலை அதற்கு முன்பே இந்த நகரில் நடந்திருக்கிறது. 1920களிலும் 30களிலும் மக்கில் பல்கலைக்கழகம் யூத மாணவர்களின் எண்ணிக்கையைக் குறைக்க விரும்பியது. கலைப்பீடத்தில் சேர மற்றவர்களுக்கு 60 விழுக்காடு போதுமாக இருந்தபோது யூதர்களிடம் 75 கேட்டது. பிரெஞ்சு மொழிப் பக்கமும் நிலைமை மேலானதாக இல்லை. 1934 இல் மொன்றியல் பல்கலைக்கழகத்தில் முதல் மாணவனாகத் தேறிய மருத்துவர் சாமுவேல் ரபினோவிச் நோற்ர-டாம் மருத்துவமனையில் பயிற்சிக்குச் சேர்ந்தார். யூதர் ஒருவருடன் வேலை செய்ய மாட்டோம் என்று அவருடைய சக பயிற்சி மருத்துவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அது மற்ற மருத்துவமனைகளுக்கும் பரவியது. நோயாளிகள் துன்பப்படுவதைப் பொறுக்காமல் சில நாளில் அவரே விலகிக்கொண்டார்.

பிரெஞ்சுக்காரருக்கும் ஒரு முறைப்பாடு இருந்தது. ஹோல் கட்டடம் எரிந்து ஏழு வாரம் ஆவதற்குள், 1969 மார்ச் 28 அன்று, சுமார் பத்தாயிரம் பேர் மக்கில் வாசலுக்கு ஊர்வலமாகப் போனார்கள். கியூபெக் மாகாணத்தின் பெரும்பான்மையினர் பேசும் மொழிக்கு அதன் பெரும் பல்கலைக்கழகத்தில் இடமில்லையா என்பது அவர்களின் கேள்வி. பிரெஞ்சு மொழிப் பிள்ளைகளுக்கு உயர்கல்வி எட்டாக்கனியாக இருந்த காலம் அது. அந்த ஆண்டுதான் மொன்றியலில் கியூபெக் பல்கலைக்கழகத்தின் வளாகம் தொடங்கப்பட்டது. ஒரே குளிர்காலம், ஒரே நகரம், நடந்து போகும் தூரத்தில் இரண்டு வாசல்கள். இரண்டிலும் மாணவர்கள் நின்று, எங்களை ஏன் வெளியே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். ஒரு வாசலில் நின்றவர்களில் மிகச் சிலரே அடுத்த வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள்.

இவை எல்லாம் ஒரே அளவு துன்பம் என்று நான் சொல்லவில்லை. மக்கிலை நிறுவிய ஜேம்ஸ் மக்கில் கறுப்பினத்தவரையும் பூர்வகுடியினரையும் அடிமைகளாக வைத்திருந்தவர். 2021 இல்தான் அவருடைய சிலை வளாகத்திலிருந்து அகற்றப்பட்டது. அடிமை முறையையும் பூர்வகுடிகளின் நிலம் பறிபோனதையும் புள்ளி இடைவெளியோடு ஒப்பிடக்கூடாது. ஆனால் இந்த நகரில் ஒவ்வொரு சமூகமும் தன் காயத்தைத் தனித்தனியே நினைவுகூர்ந்துகொண்டு, பக்கத்து வீட்டுக் காயத்துக்கு விருந்தாளியாகக்கூடப் போகாமல் இருக்கிறது. வளாகத்தில் இனவாதம் உயிரோடு இருப்பதற்கு இதுவே பெரிய வசதி. கறுப்பின மாணவரின் முறைப்பாடு கறுப்பினத்தவரின் பிரச்சினை, பூர்வகுடி மாணவரின் முறைப்பாடு பூர்வகுடியினரின் பிரச்சினை என்று பிரித்து வைத்துவிட்டால், முறைப்படுபவர் எப்போதும் சிறுபான்மையாகவே நிற்பார். நிர்வாகத்துக்கு அவரைக் காக்க வைப்பது எளிது.

வேறு விதமாகவும் நடக்க முடியும் என்பதற்கு இந்நகரிலேயே சான்று இருக்கிறது. மக்கிலின் ஆண்கள் விளையாட்டு அணிகளுக்குப் பல பத்தாண்டுகளாக ‘ரெட்மென்’ என்ற பெயர் இருந்தது. செந்நிறம் குறித்த பெயர்தான் என்று நிர்வாகம் விளக்கம் சொன்னது. பூர்வகுடியினரின் தலைப்படத்தை அணியின் சின்னமாக வைத்திருந்த காலமும் உண்டு. அந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு விளையாட வேண்டியிருந்த பூர்வகுடி மாணவர்கள் அதை எதிர்த்தார்கள். 2018 நவம்பரில் மாணவர் வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்களில் சுமார் 79 விழுக்காட்டினர் பெயரை மாற்றச் சொன்னார்கள். மக்கிலில் பூர்வகுடி மாணவர்கள் மிகச் சிறு தொகையினர். அந்த 79 விழுக்காடு மற்றவர்களால் ஆனது. ஒன்ராறியோவில் இருந்து வந்தவர்கள், பாரிஸில் இருந்து வந்தவர்கள், சீனர், ஈரானியர், நிச்சயமாகத் தமிழரும். 2019 ஏப்ரலில் பெயர் நீக்கப்பட்டது. ஒரு சிறு தொகையினரின் முறைப்பாட்டைப் பெருந்தொகையினர் தமதாக்கிக்கொண்டார்கள். ஒரு கணினி உடையவில்லை, ஒருவர் சிறை போகவில்லை. இந்தக் கட்டுரையில் நான் கேட்பது இதைத்தான்.

இனி நம் வீட்டைப் பற்றி. பிள்ளை பல்கலைக்கழகம் போகும்போது நாம் சொல்லி அனுப்பும் புத்திமதிகளில் ஒன்று, யாரோடு சேரக்கூடாது என்பது. கறுப்பினத்தவரைக் குறிக்க நம் குசினிகளில் புழங்கும் இழிசொல்லை நம் பிள்ளைகள் கேட்டுத்தான் வளர்கிறார்கள். வேலைத்தலத்தில் நம்மை நிறம் பார்த்து ஒதுக்கியபோது அழுத நாமே, ஹெயிற்றி நாட்டுப் பிள்ளையை மகள் நண்பன் என்று கூட்டி வந்தால் முகம் கறுக்கிறோம். சாதியையும் பெட்டியில் மடித்துக் கொண்டுவந்தோம். தமிழ் மாணவர் கூடும் இடங்களில் ஊர் எது என்று விசாரிப்பது சில வேளை ஊரை அறிவதற்காக மட்டும் அல்ல என்பது கேட்பவருக்கும் தெரியும், கேட்கப்படுபவருக்கும் தெரியும். 2023 இல் ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழு, சாதிப் பாகுபாடும் மனித உரிமைச் சட்டத்துக்குள் வரும் என்று தன் கொள்கை நிலைப்பாட்டைத் தெளிவாக்கியது. நம்மவரில் சிலர் அதைச் சமூகத்துக்கு வந்த அவமானமாகப் பார்த்தார்கள். அவமானம் சட்டத்தில் இல்லை, தேவை ஏற்பட்டதில் இருக்கிறது. அடுத்தவரிடம் சமத்துவம் கேட்கும் வாய், தன் மண்டபத்தில் அதை மறுத்தால், அந்தக் குரலுக்கு வலு எங்கிருந்து வரும்?

பல்கலைக்கழகங்கள் பண்பாட்டுப் பன்மையை விழாக்களில் நன்றாகவே கொண்டாடுகின்றன. பொங்கல் பானை, பரதம், வடைக் கடை, பக்கத்தில் பிலிப்பினோ மூங்கில் நடனம். எனக்கு இவை வேண்டும். தனியே வந்த ஒரு பிள்ளைக்கு அந்த ஒரு நாள் கொடுக்கும் தெம்பு சிறியதல்ல. ஆனால் விழாவில் யாருக்கும் புள்ளி போடுவதில்லை. பாகுபாடு விடைத்தாளிலும், ஆய்வுகூடத்தில் யாரை உதவியாளராக எடுப்பது என்பதிலும், குழு வேலையில் யார் கடைசியில் மிஞ்சுகிறார் என்பதிலும், பெயரைச் சொல்ல முயலாமலே கடந்துபோகும் வருகைப் பதிவிலும் நடக்கிறது. ஆகவே கண்காணிப்பும் அங்கேதான் தேவை. முடிந்த பாடங்களில் பெயரை மறைத்து எண்ணை மட்டும் வைத்துத் திருத்தலாம். புள்ளியில் ஐயம் எழுந்தால் இரண்டாமவர் ஒருவர் திருத்த வேண்டும். முறைப்பாடு வந்தால் எத்தனை நாளில் முடிவு சொல்வோம் என்று முன்கூட்டியே எழுதிவைத்து, அந்த நாளைத் தவறவிடக்கூடாது. ஆண்டுக்கு எத்தனை முறைப்பாடு வந்தது, எத்தனை தீர்ந்தது, எத்தனை தள்ளுபடியானது என்று பெயர்களை நீக்கி வெளியிட வேண்டும். சேர் ஜோர்ஜ் வில்லியம்ஸ், அந்த நெருப்புக்குப் பின், 1971 இல் உரிமைகளும் பொறுப்புகளும் பற்றிய விதிகளை வகுத்து, மாணவர் முறையிட ஒரு குறைகேள் அலுவலகத்தையும் ஏற்படுத்தியது. இன்றைய மாணவர் அதன் கதவைத் தட்ட முடிவது அன்று சிறை போனவர்களால்.

இதற்கு ஒரு நேர்மையான எதிர்வாதம் உண்டு. முறைப்பாடு பெருகினால் ஆசிரியர்கள் வாயடைத்துப் போவார்கள், கடினமான விடயங்களைக் கற்பிக்க அஞ்சுவார்கள் என்கிறார்கள். ஒட்டாவாவில் 2020 இல் ஓர் இழிசொல்லை விளக்கத்துக்காக வகுப்பில் உச்சரித்த ஆசிரியர் இடைநிறுத்தப்பட்டதன் எதிரொலியாக, கியூபெக் 2022 இல் கல்விச் சுதந்திரத்துக்கென்றே சட்டம் இயற்றியது. அந்த அச்சத்தை நான் மதிக்கிறேன். கருத்துச் சுதந்திரம் பறிபோனால் முதலில் பாதிக்கப்படுவது நம்மைப் போன்ற சிறுபான்மையினரே. ஆனால் கசப்பான வரலாற்றைக் கற்பிப்பதும், ஒரு மாணவரின் விடைத்தாளைத் தோலின் நிறம் பார்த்துத் திருத்துவதும் ஒன்றல்ல. எது எது என்று பிரித்தறியத்தான் நிதானமான, இரு தரப்பும் நம்பும் விசாரணை வேண்டும். அது ஆசிரியருக்கும் காப்பு.

2023 இலையுதிர்காலத்துக்குப் பின் இந்தத் தேவை இன்னும் கூர்மையாகியிருக்கிறது. காஸா யுத்தத்தின் கோபம் மொன்றியல் வளாகங்களுக்குள் வந்தது. அந்த நவம்பரில் ஹோல் கட்டடத்துக்குள்ளேயே மாணவர்கள் கைகலந்தார்கள். யூத மாணவர் சிலர் தங்கள் அடையாளச் சின்னத்தைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு நடக்கிறார்கள். பலஸ்தீன மாணவர் சிலர் தங்கள் துக்கத்தைச் சொல்வதே குற்றமாகப் பார்க்கப்படுவதாக உணர்கிறார்கள். இரண்டு அச்சமும் உண்மையானவை. யுத்தம் பற்றி ஒருவருக்கு உறுதியான கருத்து இருக்கலாம், எனக்கும் உண்டு. ஆனால் நூலகத்தில் பக்கத்து மேசையில் இருக்கும் பத்தொன்பது வயதுப் பிள்ளை எந்த அரசுக்கும் எந்த இயக்கத்துக்கும் பொறுப்பாளி அல்ல. 2009 இல் ஈழப் போரை நிறுத்தக் கோரி நாம் வீதியில் நின்றபோது நம் பிள்ளைகளைப் பயங்கரவாதிகள் என்று கூப்பிட்டவர்களை நாம் மறந்துவிடவில்லையே.

தமிழ் மாணவர் சங்கங்களிடம் ஒரு வேண்டுகோள். ஜனவரி கனடாவில் தமிழ் மரபுத் திங்கள், பெப்ரவரி கறுப்பின வரலாற்றுத் திங்கள். இரண்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் தனித்தனி மண்டபங்களில் நடக்கின்றன. ஜனவரியின் கடைசி நிகழ்வைக் கரீபிய, ஆபிரிக்க மாணவர் சங்கங்களோடு சேர்ந்து நடத்துங்கள். தரப்படுத்தலைப் பற்றி நீங்கள் சொல்லுங்கள், 1969 ஐப் பற்றி அவர்கள் சொல்லட்டும். மீனா ஷம் 2015 இல் எடுத்த ‘ஒன்பதாம் மாடி’ என்ற ஆவணப்படத்தை அங்கே போட்டுக் காட்டலாம். பெற்றோரையும் அழையுங்கள்.

பெற்றோரிடமும் ஒன்று. உங்கள் மகன் ஒருநாள் வந்து, தன்னோடு படிக்கும் செனெகல் பிள்ளைக்கு வகுப்பில் அநியாயம் நடந்தது, தான் பார்த்தேன் என்று சொல்லக்கூடும். உன் படிப்பைப் பார், எங்களுக்கு ஏன் வம்பு என்ற பதில் நம் நாவின் நுனியிலேயே இருக்கும். வம்புக்குப் பயந்து நாடு விட்டு வந்தவர்கள் நாம், அந்தப் பயத்தில் ஞாயம் இருக்கிறது. ஆனாலும் அன்று அவனை உட்கார வைத்து, பார்த்ததை, திகதியோடும் நேரத்தோடும், கூட்டாமல் குறைக்காமல் எழுதச் சொல்லுங்கள். அந்த நண்பன் கொடுக்கும் முறைப்பாட்டின் கீழ் சாட்சியாக அவன் பெயரும் இருக்கட்டும்.